திரை அணைந்த காவல்காரன்

(நம் பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு 'தொழில்நுட்ப வளர்ச்சியில் இளம் பொறியாளரின் பங்கு'. பெரிய தலைப்பு. அதற்குரிய பெரிய ஆட்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது சின்ன விஷயம். ஒரு பழைய லேப்டாப்பின் திரையை அணைப்பது எப்படி? இதைத்தான் இந்த இருபது நிமிடம் பேசப்போகிறேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். அந்தத் திரையை அணைத்ததால் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்து உதவித்தொகை போயிற்று. அதனால்தான் பேசுகிறேன்.

என் ஊர் ஆரப்பாளையம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. 'தேனி தேனி தேனி, போடி, கம்பம்' என்ற கண்டக்டர் குரலில்தான் பொழுது விடியும். அப்பா நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இந்தக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, 2008-ல், சித்தப்பா பாதி, அப்பா பாதி போட்டு ஒரு லேப்டாப் வாங்கித் தந்தார்கள். என் புராஜெக்ட், என் பிளேஸ்மென்ட், விடுதியில் பாதிப் பேருடைய புராஜெக்ட் எல்லாம் அதில்தான் ஓடியது. வேலை கிடைத்துப் பெங்களூர் போன பிறகு அது பரண் ஏறியது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆரப்பாளையம் வந்து சேர்ந்தேன். கம்பெனி வேலை வீட்டிலிருந்தே. தங்கச்சிக்கு ஆன்லைன் வகுப்பு. வாசலில் கேமரா, அப்பாவுக்கு டி.வி.யில் யூடியூப். எல்லாம் ஒரே இன்டர்நெட் இணைப்பில். அப்போதுதான் பரணில் இருந்த அந்த லேப்டாப் ஞாபகம் வந்தது. இதை ஏன் ஒரு ஃபயர்வாலாக ஆக்கக் கூடாது?

காவல் என்றால் என்ன?

கணினித் துறை அல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஃபயர்வாலைத் தமிழில் தீயரண் என்றும் தீச்சுவர் என்றும் சொல்கிறார்கள். அடுத்த கடையில் தீப்பிடித்தால் நம் கடைக்குப் பரவாமல் நிற்கிற சுவர் என்பது மூலப் பொருள். கணினியில் அது சுவரை விட வாசல் காவல்காரன் போல. வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போனால் 'இன்னார் இன்ன இடத்துக்குப் போயிருக்கிறார்' என்று குறித்துக்கொள்வான். அங்கிருந்து பதில் வந்தால், 'இது நம்ம ஆள் கேட்டதற்கு வந்த பதில்தான்' என்று உள்ளே விடுவான். யாரும் கேட்காமல் தானாக வந்து கதவைத் தட்டுகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவான். லினக்ஸில் இந்த வேலையைச் செய்ய ஐ.பி.டேபிள்ஸ் இருந்தது, 2014-ல் வந்த 3.13 கர்னலிலிருந்து என்.எஃப்.டேபிள்ஸ் சேர்ந்தது. ஓப்பன் பி.எஸ்.டி.யில் 2001 முதல் பி.எஃப். இருக்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

வீட்டுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். 2016-ல் மிராய் என்று ஒரு கிருமி வந்தது. அது பெரிய கம்பெனிகளின் சர்வரைத் தேடிப் போகவில்லை. வீட்டு கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடியது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள்; அதுவே அதற்குப் போதுமாக இருந்தது. அப்படிப் பிடித்த கருவிகளைச் சேர்த்துக்கொண்டு அந்த வருடம் அக்டோபர் 21 அன்று அடித்த அடியில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. அந்தக் கேமராவின் சொந்தக்காரருக்குத் தன் வாசல் கேமரா ஊரை அடித்தது தெரிந்தே இருக்காது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்குக் கஷ்டமே இல்லை. பிட்டுத்திருவிழா நடக்கிற புட்டுத்தோப்பு எங்கள் ஆரப்பாளையத்தில்தான் இருக்கிறது. ஆவணி மாதம் மீனாட்சி அம்மனும் சொக்கநாதரும் அங்கே எழுந்தருளுவார்கள். வைகையில் வெள்ளம் வந்தது. வீட்டுக்கு ஒரு பங்கு கரையை அடைக்கச் சொன்னான் பாண்டியன். வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சிவபெருமானே கூலியாளாக வந்தார். எல்லாப் பங்கும் அடைபட்டாலும் கிழவியின் ஒரு பங்கு திறந்து கிடந்தால் ஊருக்குள் தண்ணீர் வரும். ஃபயர்வாலுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்தக் கதையின் பின்பாதிக்குப் பிறகு வருகிறேன். அங்கேதான் நான் மாட்டினேன்.

திரையை ஏன் அணைக்க வேண்டும்?

பழைய லேப்டாப் இந்த வேலைக்கு நல்ல ஆள். டெஸ்க்டாப்பை விடக் குறைந்த மின்சாரம், சத்தம் குறைவு, பேட்டரி இருப்பதால் யு.பி.எஸ். உள்ளேயே இருக்கிற மாதிரி. குறை என்றால் ஒரே ஒரு நெட்வொர்க் துளைதான் இருக்கும். வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று என்று இரண்டு வேண்டும். யு.எஸ்.பி.யில் மாட்டுகிற அடாப்டர் ஒன்று வாங்கி அதைச் சரிசெய்தேன்.

எல்லாம் ஓடியது. ஆனால் ராத்திரி முழுக்கத் திரை எரிந்துகொண்டே இருந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, யாரும் படிக்காத வரிகள். அம்மா எழுந்து வந்து, 'ஏன்டா, கூடத்துல பேய் மாதிரி வெளிச்சம்?' என்றார்.

மின்சாரக் கணக்குப் பார்த்தேன். பிளக்கில் மாட்டுகிற மீட்டரில் திரை எரியும்போது 23 வாட், அணைந்த பிறகு 18 வாட். வித்தியாசம் 5 வாட். ஒரு நாளைக்கு 120 வாட்-மணி. நம் மின்வாரியம் கணக்கெடுக்கிற இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம், வருடத்துக்கு சுமார் 44 யூனிட். நம்மூரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை 2016-ல் வீடுகளுக்கு இலவசமாக்கினார்கள். ஆகவே காசு பெரிய விஷயமில்லை.

சூடுதான் விஷயம். அந்தக் காலத்து லேப்டாப் திரைக்குப் பின்னால் இருப்பது எல்.இ.டி. அல்ல, பென்சில் முனை கனத்தில் ஒரு குழல்விளக்கு. அதை எரியவைக்கப் பல நூறு வோல்ட் தருகிற ஒரு சின்ன இன்வெர்ட்டர் போர்டு திரையின் சட்டத்துக்குள் இருக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். யாரும் பார்க்காத விளக்கை அத்தனை மணி நேரம் எரியவிட்டால், நாம் நிஜமாகவே பார்க்க வேண்டிய அன்று அது மங்கிப்போயிருக்கும். மதுரைச் சித்திரை வெயிலில், மின்விசிறி நின்ற அறையில், அந்த 5 வாட்டும் சூடுதான்.

சரி, மூடி வைத்துவிடலாமே என்று தோன்றும். மாணவர்கள் கவனியுங்கள், இதுதான் முதல் குழி. மூடியை மூடினால் பெரும்பாலான லேப்டாப்கள் தூங்கிவிடும். காவல்காரன் தூங்கினால் வீட்டில் இன்டர்நெட் நின்றுவிடும். தூங்காதே என்று அதற்குச் சொல்ல வேண்டும். சிஸ்டம்-டி உள்ள லினக்ஸில் லாகின்-டி என்ற பகுதியின் அமைப்புக் கோப்பில், 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்ற வரிக்கு எதிரே 'இக்னோர்' என்று எழுதினால் போதும். ஆனால் சில லேப்டாப்கள் கீபோர்டு வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். மூடினால் வெந்துபோகும். என்னுடையது அந்த ஜாதி. ஆகவே திறந்தே வைத்து, திரையை மட்டும் அணைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது குழி. திரை கறுப்பாவது வேறு, திரை அணைவது வேறு. லினக்ஸில் 'கன்சோல் பிளாங்க்' என்று ஒரு அமைப்பு உண்டு. இத்தனை விநாடி யாரும் விசையைத் தொடாவிட்டால் திரையை வெறுமையாக்கு என்று அது சொல்லும். ஒரு காலத்தில் இது தானாகவே 600 விநாடி, அதாவது பத்து நிமிடம் என்று இருந்தது. 2017-ல் வந்த 4.12 கர்னலில் அதைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். அதனால்தான் பழைய புத்தகம் பார்த்துச் செய்கிறவர்கள், 'தானா அணையும்னு போட்டிருக்கு, அணையலையே' என்று முழிக்கிறார்கள். கர்னல் துவங்கும் வரியில் 'கன்சோல் பிளாங்க் = 60' என்று சேர்த்தால் ஒரு நிமிடத்தில் வெறுமையாகும்.

ஆனால் சில மெஷின்களில் எழுத்து மட்டும் மறைந்து, பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பகலில் பார்த்தால் தெரியாது. ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு திரையின் ஓரத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் லேசாக வெளிச்சம் கசிந்தால் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். நான் ஒரு வாரம் ஏமாந்தேன். பிறகுதான் பின்விளக்குக்கென்று கர்னல் வைத்திருக்கிற சின்னக் கோப்பைக் கண்டுபிடித்தேன். 'பி.எல். பவர்' என்று பெயர். அதில் 4 என்று எழுதினால் விளக்கு அணையும், 0 என்று எழுதினால் எரியும். மெஷின் துவங்கும்போதே 4 என்று எழுதுகிற மாதிரி இரண்டு வரி எழுதி வைத்தேன். அன்று ராத்திரி கூடம் இருட்டானது. அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

அப்பா மட்டும் காலையில் வந்து குனிந்து பார்த்தார். 'என்னப்பா, செத்துப்போச்சா?'

'இல்லப்பா, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. திரையை மட்டும் அணைச்சிட்டேன்.'

'ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?'

'இன்டர்நெட் வருதுல்ல, அப்ப ஓடுதுன்னு அர்த்தம்.'

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 'மில்லுல ஓடுற மெசினுக்குச் சத்தம் இருக்கும். சத்தம் மாறுனா தூக்கத்துல கூட எந்திரிச்சிருவோம். இது ஊமை மெசினு' என்று சொல்லிவிட்டுப் பேப்பர் எடுக்கப் போய்விட்டார். முப்பது வருட மெயின்டனன்ஸ் அனுபவம் அந்த ஒரு வரியில் இருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிய கை

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மாலைநேரப் படிப்பகம் இருக்கிறது. நான் பத்தாவது படித்ததும் அங்கேதான். பக்கத்து மனிதர்கள் சிலர் சேர்ந்து நடத்துவது. ஆறு கம்ப்யூட்டர். பிள்ளைகள் பாடம் படிப்பார்கள், விண்ணப்பம் போடுவார்கள். 2021 கடைசியில் என்னைப் பெங்களூருக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கி வைத்துவிட்டு, இந்த லேப்டாப்பைப் படிப்பகத்துக்குக் கொடுத்தேன். மேஜைக்கு அடியில் ஒரு பலகை அடித்து அதில் வைத்து, ஒயரைச் சொருகி, திரையை அணைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். 'இதை யாரும் தொட வேண்டாம்' என்று நடத்துகிறவரிடம் வாயால் சொன்னேன். எழுதி வைக்கவில்லை. பார்க்கிற திமிர் அப்படி. ஓடுகிற மெஷினைப் பற்றி எதற்கு எழுத வேண்டும்?

அடுத்த வருடம் அது நடந்தது. அங்கே கூட்டிப் பெருக்க ஒரு அக்கா வருவார். மத்தியானம் பெருக்கும்போது மேஜைக்கு அடியில் திறந்து கிடக்கிற, வெளிச்சமே இல்லாத ஒரு பழைய பெட்டியைப் பார்த்திருக்கிறார். ஒயர் மட்டும் சொருகியிருக்கிறது. 'போகும்போது எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டுப் போங்க' என்று அவரிடம் பல வருடமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்னபடி செய்தார். பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி, மேலே ஒரு துணியும் போட்டு மூடிவிட்டுப் போனார்.

பேட்டரிதான் இருக்கிறதே என்பீர்கள். பதினாலு வருடத்துப் பேட்டரி. 24 மணி நேரமும் சார்ஜில் கிடந்து அதன் உயிர் எப்போதோ போயிருந்தது. அதைச் சோதிக்க வேண்டியதும் என் வேலைதான். சில நிமிடத்தில் மெஷின் நின்றது. அன்று மாலை ஆறு கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட் இல்லை. எல்லாரும் இன்டர்நெட் கம்பெனியின் கோளாறு என்று நினைத்து, மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டார்கள். எனக்கு ஒருவர் போன் அடித்திருக்கிறார். நான் மீட்டிங்கில் இருந்தேன்.

அன்றைக்குத்தான் ஒரு உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற ஒரு பெண், வருமானச் சான்றிதழ் அன்று காலையில்தான் கைக்குக் கிடைத்து, ஸ்கேன் பண்ணி ஏற்றுவதற்கு அங்கே வந்திருக்கிறாள். எட்டரை வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரைத் தேடி ஓடியிருக்கிறாள். பூட்டியிருந்தது. போனிலிருந்து ஏற்றிப் பார்த்திருக்கிறாள், கோப்பு ஏறவில்லை. பன்னிரண்டு மணி ஆனது. முடிந்தது.

அந்த வருடக் கட்டணத்துக்கு அவள் அம்மா செயினை அடகு வைத்தார். எனக்கு இது பத்து நாள் கழித்து ஊருக்கு வந்தபோதுதான் தெரியும்.

முதலில் எனக்கு அந்த அக்கா மேல்தான் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். 'ஏன்க்கா பிடுங்கினீங்க?' என்று கொஞ்சம் அதட்டியே கேட்டேன்.

அவர் பயந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: 'விளக்கு எரியாத பெட்டிக்கு எதுக்குத் தம்பி கரண்டு? உசுரு இருந்தா எங்கிட்டாச்சும் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கணும்ல?'

என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பெண்ணையும் போய்ப் பார்த்தேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. 'விடுங்கண்ணே, அடுத்த வருசம் போட்டுக்கிறேன்' என்றாள். அவள் அம்மா காப்பி கொடுத்தார். அந்தக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு, எந்த இன்டர்வியூவிலும் பட்டதில்லை.

இப்போது பிட்டுக் கதையின் பின்பாதி. மண் சுமக்க வந்த கூலியாள் பிட்டைத் தின்றுவிட்டு மரத்தடியில் படுத்துத் தூங்கினான் அல்லவா? பாண்டியன் வந்து பார்த்தான். ஆள் தூங்குகிறான், வேலை நடக்கவில்லை என்று பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன், அரசி, ஊரில் உள்ளவர்கள் எல்லார் முதுகிலும் விழுந்தது. சின்ன வயதில் இருந்து கேட்ட கதை. என் லேப்டாப்பும் தூங்குகிற மாதிரித்தான் தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கிய அடி, அதோடு கட்டியிருந்த அத்தனை பேர் மேலும் விழுந்தது. அந்த அக்கா ராஜாவும் இல்லை, குற்றவாளியும் இல்லை. தூங்குகிற மாதிரி தோன்றும்படி அதைப் படுக்கவைத்தவன் நான்.

தேனி ரோட்டில் ஒரு பாடம்

நான் பட்டுத் தெரிந்துகொண்ட இந்தப் பாடத்தை, எங்கள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தேனியில் வேறு சிலர் முன்பே படித்திருக்கிறார்கள். பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உங்கள் எல்லாருக்கும் தெரியும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. அவர்களுடைய தேனி மருத்துவமனையையும் சுற்றியுள்ள ஊர்களின் சிறு கண் மையங்களையும் இணைக்க, 2005 வாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் எரிக் ப்ரூவரின் குழு வந்தது. சாதாரண வை-ஃபை வீட்டுக்குள்ளேயே திணறும். அவர்கள் திசை பார்த்து நிற்கிற ஆன்டெனாக்களை வைத்து, அதன் மென்பொருளையும் மாற்றி, பல கிலோமீட்டர் தூரத்துக்கு அதே வை-ஃபையை ஓட்டினார்கள். கிராமத்தில் உள்ளவர் அங்கே உட்கார்ந்தபடியே தேனியில் இருக்கிற டாக்டரிடம் வீடியோவில் கண்ணைக் காட்டலாம். இணைப்பு அறுந்தால், கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

2008-ல் அந்தக் குழு எழுதிய ஆய்வுக் கட்டுரையை நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். கிராமப்புற இணைப்புகளை, சோதனைக் கட்டம் தாண்டி உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதுதான் அதன் பொருள். தூரமாக அலை அனுப்புவதில் அவர்களுக்கு வந்த கஷ்டத்தை விட, மின்சாரத்தின் தரத்தால் வந்த கஷ்டம் பெரிது. திடீர் ஏற்றம், திடீர் இறக்கம், பேட்டரி வடிந்து மெஷின் பாதி உயிரில் நிற்பது. அதற்கு அவர்கள் செய்த வைத்தியம் எல்லாம் எளிமையானவை. மின்னழுத்தம் ஓரளவுக்குக் கீழே போனால் முழுசாகத் துண்டித்துவிடுகிற ஒரு சின்னச் சுற்று. மெஷின் திகைத்து நின்றால் தானாகத் தட்டி எழுப்புகிற ஒரு கடிகாரம். கோப்புகள் கெட்டுப்போகாதபடி, எழுத முடியாத, படிக்க மட்டும் முடிகிற நினைவகம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தந்த இடத்தில் இருக்கிற ஊழியர்களுக்குப் பயிற்சி. கட்டியவன் கப்பல் ஏறிப் போய்விடுவான். பார்த்துக்கொள்கிறவர்கள் அங்கே இருக்கிறவர்கள்தான் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. எனக்குப் புரிந்திருக்கவில்லை. நான் கப்பல் ஏறவில்லை, பெங்களூர் பஸ்தான் ஏறினேன். ஆனால் அந்த மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு என்ன செய்தேன்?

திரையை மறுபடியும் எரியவிட்டேனா? இல்லை. திரையை அணைப்பது சரியான காரியம்தான். மாணவர்கள் குறித்துக்கொள்ள வசதியாக நான் மாற்றியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு பொட்டு வெளிச்சம். யு.எஸ்.பி.யில் சொருகுகிற ஒரு சின்னப் பச்சை எல்.இ.டி. அது எரிய கால் வாட் கூட ஆகாது. பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு அட்டை: 'திரை அணைந்திருக்கும். மெஷின் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பச்சை விளக்கு எரியாவிட்டால் இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்.' ஒரே எண் இல்லை, இரண்டு எண்.

இரண்டாவது, பேட்டரி. பழசைக் கழற்றி எறிந்தேன். மேஜைக்கு அடியில் தெரியாமல் கிடக்கிற லேப்டாப்பில் உப்பிப்போன பேட்டரி ஆபத்து. டச்-பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலான லேப்டாப், கரண்டு போய் வந்தால் தானாக மறுபடி துவங்காது. யாராவது பொத்தானை அமுக்க வேண்டும். அதனால் நல்ல பேட்டரி இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கிறோம்.

மூன்றாவது, தினமும் இரவு எட்டு மணிக்கு அது இரண்டு பேருக்கு ஒரு வரி செய்தி அனுப்பும். 'இருக்கிறேன்' என்று. வராவிட்டால் அதுதான் அபாய மணி. கோளாறு வந்தால் சொல்கிற மெஷினை விட, நன்றாக இருக்கும்போது சொல்கிற மெஷின் நம்பகமானது. ஏனென்றால் செத்தவன் போன் செய்ய மாட்டான்.

நான்காவது, மாதம் ஒருமுறை திரையைப் போட்டுப் படிப்பது. என்ன தட்டியது, எது திரும்பிப்போனது, டிஸ்க் என்ன சொல்கிறது, பாதுகாப்புத் திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பது. திருத்தம் நின்றுபோன மென்பொருளில் ஓடுகிற ஃபயர்வால், கண் தெரியாத வாட்ச்மேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் பழைய 32-பிட் கணினிகளுக்கு இன்ஸ்டாலரே கிடையாது. என்னுடையது 64-பிட் என்பதால் பிழைத்தது. உங்கள் பரணில் இருப்பது எது என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். ரொம்பப் பழசாக இருந்தால் விட்டுவிடுங்கள். இன்று இதைவிடக் குறைந்த வாட்டில் ஓடுகிற சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன.

ஐந்தாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த ஒயர் எங்கே, எப்படி அணைப்பது, எப்படி எழுப்புவது, இது இல்லாமலேயே மோடத்தை நேராக இணைத்து ஒரு மாலைப் பொழுதை எப்படி ஓட்டுவது. எல்லாம் தமிழில். பாஸ்வேர்டு தனிக் கவரில் பீரோவுக்குள். அன்றைக்கு அந்தக் கடைசிக் குறிப்பு ஒன்று இருந்திருந்தால், ஒரு ஒயரை மாற்றிச் சொருகியே அந்தப் பெண் விண்ணப்பம் போட்டிருப்பாள்.

இந்த ஐந்துக்கும் சேர்த்து எனக்கு ஆன நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலிலேயே செய்திருக்கலாம்.

மாணவச் செல்வங்களே, நாம் படித்ததெல்லாம் மெஷினை ஓடவைக்க. ஓடவைத்ததும் கைதட்டி மார்க் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஓடுகிறது என்று பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியவைப்பதும் நம் வேலைதான். அது எந்த செமஸ்டரிலும் கேள்வியாக வரவில்லை. இந்தக் கல்லூரியிலேயே இந்த மாதிரி மெஷின்கள் லேபில், நூலகத்தில், விடுதியில் இருக்கும். எந்த பேட்ச் வைத்தது, எப்படி ஓடுகிறது என்று எழுதாமல் போயிருப்பார்கள். இறுதியாண்டு புராஜெக்ட் முடித்துப் போகிற ஒவ்வொரு அணியும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சங்கத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறேன். நோட்டுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். இதுதான் என்னால் முடிந்த நன்கொடை.

அந்தப் பெண் அடுத்த வருடம் விண்ணப்பித்தாள், கிடைத்தது. போன ஒரு வருடத்துப் பணம் போனதுதான். செயினை மீட்டுவிட்டதாக அவள் அம்மா சொன்னார்.

படிப்பகத்து நோட்டில் கடைசிப் பக்கங்கள் தினக்குறிப்பு. பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துத் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். யார் போடுவது என்று கேட்டபோது, தினமும் தவறாமல் வருகிறவர் பெருக்க வருகிற அக்கா ஒருவர்தான் என்று தெரிந்தது. இப்போது அவர்தான் போடுகிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நாள் கூட விடவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அதே இரண்டு வார்த்தை: 'பச்ச எரியிது.'

அதுபோதும்.